மெத்தைகளோடு மிதந்த நாள்

வாளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், அவன் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒருநாள் அணிவகுப்புக்கு விசில் ஊதிவிட்டார்கள். எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து நின்ற வரிசையின் கடைசியில், ஈரத் தலையும் அரைக்கால் சட்டையுமாக, கையில் வாளியோடு அவன் வந்து நின்றான். பயிற்சி கொடுத்தவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல ஆயுதம்தான். எதிரியைக் குளிப்பாட்டவா?" என்றார்.

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர், சம்பளச் சீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே ஆகிவிட்டது.

அவன் ஆளும் அப்படித்தான். உடம்பு ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும், மனசு வேறெங்கோ உலாத்திக்கொண்டிருக்கும். கேள்வி கேட்டால் பதில் வரும்; ஆனால் வருகிற வழியில் எங்காவது உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் வரும். அப்பா நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆப்பரேட்டராக இருந்தவர். பம்ப் ஹவுஸ் காம்பவுண்டுக்குள்ளேயே வீடு. பிறந்ததிலிருந்து மோட்டார் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்ததால் மோட்டார்களிடம் அவனுக்கு ஒரு பிரியம் இருந்தது. பட்டாளத்தில் பாலம் போடுகிற பிரிவில் சேர்த்து, படகு மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது. மோட்டாரோடு யாரும் பேச வேண்டியதில்லை.

மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். இருவருக்கும் ஒத்துப்போயிற்று. அவள் பேசுவாள், இவன் கேட்பான். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது அழவில்லை. தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய், அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். நர்ஸ் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து இவன் கையில் கொடுத்தாள். செய்ய வேண்டியதை இவன் தனியாகவே போய்ச் செய்துவிட்டு வந்தான். மனைவி கண் விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் காலி ஸ்டூல்தான் இருந்தது.

"அவகிட்ட எதையாவது பேசி ஞாபகப்படுத்தி வைக்காதே," என்று இவன் அம்மா இவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இவனும் தலையாட்டினான். அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சண்டையில்லை, சச்சரவில்லை. தளும்பத் தளும்ப நிரம்பிய பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போகிறவர்கள் மாதிரி இருவரும் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளிநாட்டுக்குப் படை அனுப்பப்போகிறோம், விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோது, வாளி கொடுத்துவிட்டான். மனைவியிடம் சொன்னபோது அவள் அவன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாங்க. குளிரும்னு சொல்றாங்க. உள்ளே ஒரு பனியன் கூடுதலா போட்டுக்குங்க," என்றாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

போய் இறங்கிய நாட்டில் சண்டை ஓய்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஓய்ந்தது மறுபடி மூளாமல் பார்த்துக்கொள்ள நாலைந்து நாட்டுப் படைகள் சேர்ந்து முகாம் போட்டிருந்தன. முகாமுக்குப் பக்கத்தில் ஓர் அகலமான ஆறு. அதன் பாலம் நடுவில் முறிந்து, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். அதற்குச் சாமான் கொண்டுபோக ஒரு மிதவை. இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்த பெரிய மேடை அது. கரைக்குக் கரை கட்டிய கம்பி வடத்தைப் பிடித்தபடி போய்வரும். மிதவை ஒரு நாட்டுப் படையுடையது, மோட்டார் வாளியின் படையுடையது. எனவே இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொருவர் எப்போதும் அதில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சம்பந்திகள் பந்தியில் சரிசமமாக உட்கார்வதைப் போல.

மிதவைத் தரப்பிலிருந்து வந்தவன் பனை உயரம். காதுகள் எப்போதும் சிவந்திருக்கும். வாளி அவனுக்கு அன்றே நெட்டை என்று பெயர் வைத்துவிட்டான். அவன் வாளி என்று சொல்ல முயன்று, நாக்கு வளையாமல், "வல்லி" என்று முடித்தான்.

"வல்லி பொம்பளைப் பேருப்பா," என்று வாளி சொல்லிப் பார்த்தான்.

"வல்லி," என்று நெட்டை இன்னும் பிரியமாகச் சொன்னான். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

இருவருக்கும் பொதுவாகக் கைப்பிடியளவு இங்கிலீஷ் இருந்தது. குட், நோ குட், டீ, டுமாரோ. அதில் எதைச் சொல்லி எதை விளக்குவது. சில நாட்களில் இருவரும் அதைக் கைவிட்டு, அவரவர் மொழியிலேயே பேச ஆரம்பித்தார்கள். அவன் ஏதோ சொல்வான். இவன், "அதுவும் சரிதான்," என்பான். இவன் மோட்டாரைக் குறை சொல்வான். அவன் உச்சுக்கொட்டி ஆமோதிப்பான். பக்கத்தில் நின்று கேட்டவர்கள், பழகிப்போன இரண்டு பங்காளிகள் பேசிக்கொள்கிறார்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

சாமான் ஏறும்வரை காத்திருக்கும் நேரத்தில் நெட்டை சட்டைக்குள்ளிருந்து இரண்டு நீள ஊசிகளையும் ஒரு நூல்கண்டையும் எடுத்துக் கம்பளி பின்னுவான். அவ்வளவு பெரிய கைகளுக்குள் அந்த ஊசிகள் குருவிக்குஞ்சின் கால்கள் மாதிரி துள்ளும். முதல்முறை பார்த்தபோது வாளியின் படையாட்கள் சிரித்தார்கள். வாளி சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, பின்னலை விரலால் நீவிப் பார்த்தான். தையல்காரியின் புருஷன் அல்லவா.

"நல்லா நெருக்கமா விழுந்திருக்கு," என்றான்.

நெட்டை அதைப் புரிந்துகொண்ட மாதிரி இன்னும் நாலு கண் பின்னிக் காட்டினான்.

அந்த ஆற்றில் காலையில் மூடுபனி இறங்கினால் லேசில் கலையாது. கரையை விட்டு மிதவை கொஞ்சம் நகர்ந்ததும் கரை காணாமல் போய்விடும். மேலே வெள்ளை, கீழே வெள்ளை, நடுவில் பலகையும் அவர்களும் மோட்டார் சத்தமும். வடம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போய்க்கொண்டிருக்கும். அக்கரை ஒன்று இருக்கிறது என்பதையே நம்பித்தான் போக வேண்டும். வாளிக்கு அந்த நேரம் பிடித்துப்போயிற்று. வீட்டை விட்டு வந்த குற்ற உணர்ச்சிகூட அந்த வெள்ளைக்குள் கரைந்து, எங்கோ யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிடும்.

மழைக்காலத்தின் கடைசியில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு மெத்தைகள் வந்தன. பிளாஸ்டிக் உறை போட்ட புது மெத்தைகள். மிதவை முழுக்க அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினார்கள். ஆற்றில் தண்ணீர் கூடியிருந்தது, நிறமும் மாறியிருந்தது. பாதி வழி போயிருப்பார்கள். பனிக்குள்ளிருந்து ஒரு முழு மரம், வேரும் கிளையுமாக, அவசரமே இல்லாமல் உருண்டு வந்து வடத்தில் சாய்ந்தது. வடம் ஒரு தடவை முனகிற்று. பிறகு சாட்டை சொடுக்கிய மாதிரி ஒரு சத்தம். அறுந்த வடத்தின் வால் தண்ணீருக்குள் சுருண்டு போய் மோட்டாரின் விசிறியில் சிக்கிக்கொள்ள, மோட்டார் இருமி நின்றது.

முதலில் கொஞ்ச நேரம் உயிர் கையில் இல்லை. மிதவை சுற்றிச் சுற்றிப் போயிற்று. முறிந்த பாலத்தின் தூண் ஒன்று பனியைக் கிழித்துக்கொண்டு எதிரே வந்தது. இருவரும் நீளக் கழிகளை ஊன்றி, தோளைக் கொடுத்து, பல்லைக் கடித்துத் தள்ளினார்கள். தூண் ஒரு முழம் தள்ளிக் கடந்து போனது. அந்தத் தள்ளலில் வயர்லெஸ் செட் தண்ணீருக்குள் போய்விட்டது. நெட்டை ஏதோ கத்தினான். வாளி, "போகட்டும் விடு, நீ கழியைப் பிடி," என்று கத்தினான். இருவரும் சரியாக அதைத்தான் செய்தார்கள்.

பிறகு ஆறு கரையை மறந்துவிட்டது. வெள்ளம் வயல்களின் மேல் ஏறிப் பரந்து, வேகம் தணிந்து, ஏரி மாதிரி ஆயிற்று. மிதவை சுற்றுவதை நிறுத்தி, நடை பழகுகிறவனைப் போல மெல்லப் போயிற்று. பனியும் லேசாக விலகியது. வாளி விசிறியில் சிக்கிய கம்பியைக் கழற்றக் கையை விட்டுப் பார்த்தான். இடுக்கி வைத்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நெட்டையைப் பார்த்து, "நோ குட்," என்றான்.

நெட்டை தலையசைத்தான். மெத்தை அடுக்கின் மேல் ஏறி, நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான். பக்கத்தில் தட்டிக் காட்டினான். செய்வதற்கு வேறென்ன இருக்கிறது. வாளியும் ஏறிப் படுத்தான். பட்டாளத்தில் சேர்ந்த நாள் முதல் அப்படி ஒரு சொகுசில் அவன் முதுகு படுத்ததில்லை.

அப்படியே போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு வெள்ளைக் குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கடந்துபோகும்வரை தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. ஒரு தோப்பு மூழ்கி, மரங்களின் உச்சிகள் மட்டும் புதர்களாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே மிதவை போகும்போது இலைகள் பலகையை உரசின. ஒரு மொட்டைமாடியில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மெத்தைக் குன்றின் மேல் இரண்டு சிப்பாய்கள் மிதந்து போவதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. ஈரச் சட்டையை உதறியபடியே கையசைத்தாள். இருவரும் கையசைத்தார்கள். தண்ணீரில் வானம் கிடந்தது. வாளிக்குத் தாங்கள் எதன் மேல் போகிறோம் என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

நெட்டைதான் முதலில் பேசினான். மல்லாந்து படுத்தபடி, வானத்தைப் பார்த்து, நிதானமாக, நெடுநேரம். இடையிடையே இரு உள்ளங்கைகளையும் கவிழ்த்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, மெத்தையின் மேல் வரிசையாக வைத்து அழுத்திக் காட்டினான். பிறகு தட்டிச் சமன் செய்தான். மறுபடி அடுத்த வரிசை. அவன் முகத்தில் அப்படி ஒரு கனிவு. வாளி, எத்தனை பேரைப் புதைத்துவிட்டு வந்திருக்கிறானோ என்று நினைத்தான். வரிசை வரிசையாக அல்லவா காட்டுகிறான். வாளியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நெட்டை திரும்பிப் பார்த்து, பேச்சை நிறுத்திவிட்டான்.

அந்த நிசப்தத்தில்தான் வாளி வாயைத் திறந்தான். திறக்கப்போகிறான் என்பது அவனுக்கே தெரியாது.

"எனக்கு ஒரு பையன் பிறந்தான்ப்பா," என்றான். "யார்கிட்டயும் சொன்னதில்ல. பிறந்து அழல அவன். என் கையிலதான் குடுத்தாங்க. நான் துணியை விலக்கிப் பார்த்தேன். பார்க்காதேன்னு நர்ஸ் சொல்லுச்சு. நான் பார்த்தேன். தூங்குற மாதிரிதான் இருந்தான். வெயிட்டே இல்ல. பஸ் ஸ்டாண்டு வழியா நடந்து போறேன், எல்லாரும் ஏதோ கடையில வாங்கிட்டுப் போறான்னு நினைச்சிருப்பாங்க. நான் அவனை ஒரு கையில வச்சிருந்தேன், நெட்டை. ஒரு கை போதுமா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே போனான். எங்கே கொண்டுபோனான், மண் எப்படி இருந்தது, திரும்பி வந்து ஆஸ்பத்திரிக் குழாயில் எவ்வளவு நேரம் கை கழுவினான், எல்லாம். நெட்டை முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தான். முடிந்ததும், அகலமான கையை வாளியின் நெஞ்சின் மேல் வைத்தான். வாளி மூச்சு விடவிட அந்தக் கை ஏறி இறங்கிற்று. வெகுநேரம் அதை எடுக்கவில்லை. பிறகு ஊசிகளை வெளியே எடுத்துப் பின்ன ஆரம்பித்தான்.

இரு கரையிலும் வெள்ளை பூசிய எண்ணெய்ப் பீப்பாய்கள் தெரிந்தபோது வாளி எழுந்து உட்கார்ந்தான். அது சண்டை நிறுத்தக் கோடு. அதைத் தாண்டக்கூடாது என்று தினமும் பாடம் போல ஒப்புவிக்க வைத்திருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பாடம் தெரியவில்லை. மேட்டில் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள். மிதவை அவர்களுக்கு நேராக நகர்ந்தது. ஒருவன் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினான். நெட்டை கையை உயர்த்தினான். கையில் பாதி பின்னிய கம்பளி தொங்கிற்று. அந்த ஆள் அதையே உற்றுப் பார்த்தான். பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொன்னான். பிறகு துப்பாக்கியை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான். பனி மீண்டும் இறங்கி அவர்களை மூடிவிட்டது.

அதற்குள்ளிருந்து ஒல்லியான படகில் ஒரு மீன்காரக் கிழவர் வந்தார். அவர் மொழி மூன்றாவது மொழி. மிதவையைச் சுற்றி ஒருமுறை துடுப்புப் போட்டார். மணல்திட்டு ஒன்றைக் கைகாட்டினார், கயிற்றைக் காட்டினார், இழுத்துப் போகிறேன் என்று சைகை செய்தார். பிறகு மெத்தையைக் காட்டி, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. வாளியும் நெட்டையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தலைமாட்டைப் பிடிக்க, இன்னொருவன் கால்மாட்டைப் பிடித்தான். படகின் மேல் குறுக்காக வைத்த மெத்தை, படகைவிடப் பெரிதாக இருந்தது. கிழவர் அவர்களைத் திட்டில் சேர்த்துவிட்டு, மெத்தைக்கு அடியில் உட்கார்ந்து துடுப்புப் போட்டபடி போனார். தூரத்திலிருந்து பார்க்க ஒரு மெத்தை தானாக வீட்டுக்குப் போவது போலிருந்தது.

மறுநாள் விடிந்து ரோந்துப் படகு அவர்களைக் கண்டுபிடித்தபோது இருவரும் மெத்தை மேல் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதுதான் ஆபீசருக்குத் தாங்கவில்லை. முகாமே இரவெல்லாம் தேடியிருக்கிறது, இவர்கள் குறட்டை விட்டிருக்கிறார்கள்.

விசாரணை வைத்தார்கள். இருவரையும் தனித்தனி அறையில் கேட்டார்கள். எல்லாம் சரியாக வந்தது. மெத்தை மட்டும் ஒன்று குறைந்தது. வாளி, "நான்தான் குடுத்தேன் சார். அவனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல," என்றான். பக்கத்து அறையில் நெட்டையும் அதையே சொல்லிவிட்டிருந்தான். பிறகு இருவரையும் ஒன்றாக நிறுத்தினார்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பெண்ணை வேறு முகாமிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

ஆபீசர் இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டு பேரும் குடுத்திருந்தா ரெண்டு மெத்தையில்ல குறையணும்?" என்றார்.

காகிதங்களை மேசையில் போட்டார்.

"அங்க ஒரு நோயாளி தரையில படுக்கணும், தெரியுமா?"

"என் மெத்தையை அனுப்பிடறேன் சார்," என்றான் வாளி. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நெட்டையும் ஏதோ சொன்னான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவரும் தன்னோடதை அனுப்பறாராம்," என்றாள். அப்படியாக ஆஸ்பத்திரிக்கு ஒரு மெத்தை கூடுதலாகவே போய்ச் சேர்ந்தது. இருவரும் மிச்சக் காலம் முழுக்கப் பலகைக் கட்டிலில் படுத்தார்கள்.

ஆபீசர் போனபின் நெட்டை அந்தப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் எதையோ கேட்கச் சொன்னான்.

"அன்னிக்கு மிதவையில நீங்க சொன்னது நடந்து ரொம்ப நாள் ஆச்சான்னு கேக்கறார்," என்றாள் அவள்.

வாளி தரையைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் ஆகப்போகுதுன்னு சொல்லுங்க."

அவள் சொன்னாள். நெட்டை தலையசைத்தான். என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை. அவளாகவே, "என்ன விஷயம்?" என்று கேட்டபோது வாளி, "அவனுக்குத் தெரியும்மா," என்றான். பிறகு, "அவன் சொன்னானே, அத்தனை பேரும் அவன் சொந்தக்காரங்களான்னு கேளுங்க," என்றான்.

அவள் கேட்டாள். நெட்டை விழித்தான். விளக்கினான், கைகளைக் கவிழ்த்து வைத்துக் காட்டினான். அவள் முகத்தில் குழப்பம்.

"அவர் யாரைப் பத்தியும் சொல்லலியாம். ஊருக்குப் போனதும் சமையலறைத் தரைக்கு டைல்ஸ் மாத்தப்போறாராம். எப்படிப் பதிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாராம். நீங்க ஏன் அழுதீங்கன்னு அவருக்கு இன்னும் புரியலியாம்."

வாளி சிரித்தான். நெட்டை எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தான். மொழிபெயர்க்க வந்தவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

நெட்டையின் படை முதலில் கிளம்பியது. லாரியில் ஏறுவதற்குமுன் அவன் பின்னி முடித்த மஃப்ளரை வாளியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். "டுமாரோ, வல்லி," என்றான். லாரி போனது. வாளி கழுத்தில் கம்பளியோடு கரைக்குப் போய் மோட்டாருக்கு எண்ணெய் விட்டான்.

வாளி ஊர் திரும்பியபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மனைவி பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்துப் போடும்போது மஃப்ளர் வந்தது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். கரண்ட் போயிருந்தது. மெஷினில் ஒரு சின்னச் சட்டை பாதியில் நின்றது.

"யார் பின்னினது?"

"கூட இருந்தவன். வேற நாட்டுக்காரன்."

"ஆம்பளையா? பரவாயில்லையே." விரலால் ஓரம் ஓரமாகத் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். "இங்க மட்டும் ஒரு கண் விட்டுப்போச்சு பாருங்க. கையில கவனம் இல்லாதப்ப பின்னியிருக்கார்."

வாளி குனிந்து பார்த்தான். அது எந்த நாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆறு, குதிரை, மாடியில் துணி உலர்த்தியவள், எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தான். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். மெத்தைக் கிழவர் வந்தபோது சிரித்தாள். பிறகு அவன் நிறுத்தினான்.

"நடுவுல அவன்கிட்ட ஒண்ணு சொன்னேன்," என்றான். "நம்ம பையனைப் பத்தி."

அவள் மஃப்ளரை மடியில் வைத்தாள். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"என்கிட்ட சொல்லாம அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவனுக்குப் புரியாதுன்னு சொன்னேன். உன்கிட்ட பேசி ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

"மறந்தாத்தானே ஞாபகப்படுத்தறதுக்கு," என்றாள் அவள்.

அவள்தான் மறுபடி பேசினாள். குரல் கோபமாக இல்லை.

"நீங்க ஒருத்தர்தான் அவனைப் பார்த்தீங்க. நீங்களா சொல்வீங்கன்னு தினம் பார்த்துக்கிட்டிருந்தேன். அவர்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படியே சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க."

அவன் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தான். மெஷினின் மிதிபலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முடி நிறைய இருந்துச்சு. கறுகறுன்னு, ஈரமா. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, ஏதோ யோசனையில இருக்கிறவன் மாதிரி."

"உங்களை மாதிரி."

"மூக்கு உன் மூக்கு. விரல் நீளம். நகம்கூட வளர்ந்திருந்துச்சு, சின்னச் சின்னதா."

"காது?"

"காது மடிஞ்சிருந்துச்சு ஒண்ணு. நான் விரலால நீவிவிட்டேன்."

"எது, வலதா இடதா?"

வாளி யோசித்தான். கையில் எப்படி வைத்திருந்தான் என்று கையை மடக்கிப் பார்த்தான். "இடது," என்றான்.

அவள் அதைக் கேட்டுத் தலையசைத்தாள். இனிமேல் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் போல. அழுதாள், ஆனால் அதற்காகக் கேட்பதை நிறுத்தவில்லை. கரண்ட் வந்து விசிறி சுற்ற ஆரம்பித்தபோதும் இருவரும் எழுந்திருக்கவில்லை. சட்டையை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லாமலே போனாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நகராட்சி நிலம், சுற்றுச்சுவரின் மூலை. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. இதுதான் என்று ஒரு புள்ளியைக் காட்ட அவனால் முடியவில்லை. இங்கிருந்து அங்கே வரைக்கும் எங்கேயோ என்றான். அவள் பரவாயில்லை என்று சொல்லி, இங்கிருந்து அங்கே வரைக்கும் மெல்ல ஒருமுறை நடந்தாள். திரும்பி வரும்போது புடவையின் ஓரமெல்லாம் பனியில் நனைந்திருந்தது.

பிறகு அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். பிறந்த மறுநிமிஷமே ஆஸ்பத்திரியே அதிர அழுதாள். வாளி பட்டாளத்திலிருந்து வெளியே வந்து, தீயணைப்பு நிலையத்தில் மீட்புப் படகு ஓட்டினான். நெட்டை எப்போதாவது போன் செய்வான். வாளிக்குப் போனில் பேச்சு வராது. கொஞ்ச நேரம் இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம் மனைவி போனை வாங்கிக்கொள்வாள். மெஷினை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மகள் பள்ளிக்கூடத்தில் போடும் சண்டை முதல் துணி விலை ஏறியதுவரை ஒன்று விடாமல் தமிழில் சொல்லுவாள். அந்தப் பக்கத்திலிருந்து நிதானமாக, நீளமாகப் பதில் வரும். "ஆமாங்கண்ணா, அதேதான்," என்பாள் அவள்.